சிஸ்டர் கொடுத்த புகார்

மனுவில் ‘தாழ்மையுடன்’ என்ற சொல் வரக் கூடாது. சிஸ்டருக்கு டைப் செய்யும்போது நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். ‘பணிவுடன்’ கூடாது. ‘கருணை கூர்ந்து’ கூடவே கூடாது. ஒருமுறை பழக்கத்தில் ‘உயர்திரு அய்யா அவர்களின் சமூகத்திற்கு’ என்று அடித்துவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“என்னத்த உயர்திரு? நான் பிச்சையா கேக்குறேன்? நடந்ததைச் சொல்லு, என்ன செய்யணும்னு சொல்லு, கீழ என் பேரைப் போடு. அம்புட்டுத்தான்.”

திருநகரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினாறு வருடங்கள் ஆகின்றன. பலகையில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் பாதி வேலை மனு எழுதுவதுதான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தொலைந்துபோன சான்றிதழ். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். சிஸ்டர் மூன்று முறை படிப்பார். முதலில் மனதுக்குள், அடுத்து வாய்விட்டு, மூன்றாவது முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு.

எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எங்கள் தெருவில் மாடியோடு ஒரு வீடு வாங்கி, கீழே தான் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விட்டிருந்தார். நெட்டையான உருவம். பருத்திச் சேலையைத் தோளில் இரண்டு ஊக்குப் போட்டு இறுக்கியிருப்பார். எதையாவது குறித்துக்கொள்ள வேண்டும் என்றால் காகிதம் தேட மாட்டார். இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். வார்டில் இருந்த பழக்கம். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

அவர் எதையும் மறக்க மாட்டார். மறக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் புலம்பிக்கொண்டிருப்பார்கள். சிஸ்டர் புலம்பியதே இல்லை. காத்திருப்பார்.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்தபோது, டியூட்டி டாக்டர் ஒருவர் ஊசி மருந்தைத் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டு, நோயாளிக்கு நடுக்கம் கண்டதும் பழியை நர்ஸ் மேல் போட்டுவிட்டார். சிஸ்டருக்கு மெமோ கொடுத்து, ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். அன்றைக்கே அந்த மருந்துச் சீட்டை நகலெடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு வருடம் அது பையிலேயே இருந்திருக்கிறது. பை இரண்டு தடவை மாறியது. காகிதம் மட்டும் மாறவில்லை. அந்த டாக்டர் பெரிய பதவிக்குப் போக இருந்த சமயத்தில், வேறு ஏதோ விவகாரத்தில் அவர் மேல் ஒரு விசாரணை வந்தது. விசாரணை அதிகாரியின் அறைக்கு வெளியே, யாரும் கூப்பிடாமலே, சிஸ்டர் போய் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பவே குடுத்திருக்கலாமே சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“அப்பக் குடுத்திருந்தா கிழிச்சுப் போட்டிருப்பாங்க. கேக்குறதுக்கு ஆள் இருக்கும்போதுதான் சொல்லணும்.”

“அந்த டாக்டர் என்னானாரு?”

“பதவி வரல.”

சொல்லிவிட்டு டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார். முகத்தில் பெருமை எதுவும் இல்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு முடித்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டர் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். “எடுக்க வேணாம். நான் பாத்துக்கிருறேன்” என்றார். மூன்று மாதம், ஒரு நாள் விடாமல், காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம்தான். அப்பா வலியில் எங்கள் மொழியில் திட்டுவார். சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல், “என்னைத்தான திட்டுறீக? திட்டுங்க, காலை ஆட்டாதீங்க” என்பார். விரல் பிழைத்தது. பணம் கொடுக்கப் போன என் அம்மாவிடம், கொடுத்தால் இனி வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய மாடியில் குடியிருந்தவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். பழைய கார் ஒன்று வைத்திருந்தான். தெருவில் அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பான், ஆயுள் சான்றிதழ் கொடுக்க வயதானவர்களைக் காரில் கூட்டிப்போவான். என்னை அண்ணே என்பான். சிஸ்டரை அக்கா என்பான். “அக்கா கைப்பக்குவம் மாதிரி வராதுண்ணே” என்று என் கடையில் நின்று சொல்வான். வீட்டில் அயிரை மீன் குழம்பு வைத்தால் சிஸ்டர் ஒரு கிண்ணம் மாடிக்கு அனுப்புவார்.

சிஸ்டருக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தபோதும் அவன்தான் காரில் அழைத்துப்போனான். ஆபரேஷன் அறைக்குள் பையையும் போனையும் கொண்டுபோக முடியாது என்பதால் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவனே கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டான். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் பார்வை பத்தாது. மறுநாள் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவன் மனைவிதான் சோறு போட்டாள்.

மூன்று வாரம் கழித்து கிரெடிட் கார்டு பில் தபாலில் வந்தது. இந்தக் காலத்திலும் காகிதத்தில்தான் பில் வேண்டும் என்று வங்கியில் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

“பைபாஸ் ரோட்டு டயர் கடையில நாலு டயர் வாங்கியிருக்கேனாம். நகைக் கடையில தோடு வாங்கியிருக்கேனாம். என்கிட்ட சைக்கிள்கூடக் கெடையாது.”

போனில் ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. வந்ததை யாரோ அழித்திருக்க வேண்டும். வங்கிக்குப் பேசினோம். ரகசிய எண் உங்கள் போனுக்குத்தான் வந்திருக்கிறது, நீங்கள் யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்றாள் ஒரு பெண். சிஸ்டர் போனை வைத்தார்.

“நானே தூக்கிக் குடுத்தேங்குறா” என்றார். “போலீசுக்கு எழுது. அடையாளம் தெரியாத நபர்னு போடு.”

எழுதினேன். இரண்டு செலவும் ஒரே தேதியில் இருந்தன. அந்தத் தேதியை நான்தான் அடித்தேன். அது எந்த நாள் என்று யோசிக்கவில்லை. அவர் யோசித்திருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் முதல் நாள், சைபர் கிரைமுக்குப் போங்கம்மா என்றார்கள். அங்கே போனால், ஆன்லைனில் பதிந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். என் கடையில் பதிந்து, அந்தக் காகிதத்தோடு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனார். எழுத்தர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் சாப்பிட்டு வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். நான்காவது நாள் புகாருக்கு ரசீது கொடுத்துவிட்டார்கள். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். “இந்தம்மா வந்து உக்காந்தா ஸ்டேஷனே ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாயிருதுப்பா” என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் சிஸ்டரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது யார் என்று நினைக்கிறீர்கள்? மாடியில் இருந்த அவனேதான். “தம்பி, வெயிலு தாங்கல, கொஞ்சம் கொண்டுபோய் விட்டுரு” என்று கேட்பார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வருமே, அவன் வருவான். வாசலில் காரை நிறுத்திக் காத்திருப்பான். திரும்பி வரும்போது, “என்னக்கா சொல்றாய்ங்க?” என்பான். “எவனோ வடக்க இருந்து எடுத்திருப்பான்ங்குறாங்க தம்பி” என்பார் சிஸ்டர். பில் வந்த பிறகு அந்த நாற்பது நாளும் குழம்புக் கிண்ணம் மாடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. பிறகு தெரிந்தபோது, அந்தக் குழம்பை அவர் எப்படித் தாளித்திருப்பார் என்று யோசித்து இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

பில் வந்த மறுநாள் மத்தியானமே, மாடியில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம், சிஸ்டர் அவன் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாலு டயரிலும் இருந்த எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது மனு இன்ஸ்பெக்டருக்கு. டயர் கடை பில்லில் வண்டி எண் எழுதியிருப்பார்கள், வாரண்டி அட்டையில் டயரின் எண் இருக்கும், இரண்டையும் கடையில் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் மாடி வீட்டுக்காரன் ஏதோ பாலிசித் தாள் பிரிண்ட் எடுக்க வந்தான்.

“என்னண்ணே, அக்கா டெய்லி உங்க கடையிலதான் இருக்கு போல?”

“கார்டுல எவனோ டயர் வாங்கியிருக்கான்ப்பா. பில்லுல வண்டி நம்பர் இருக்கும்ல, அதைக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கு. இனி ஈசியாப் புடிச்சிருவாங்க.”

“அப்படியாண்ணே” என்றான். எடுத்த பிரிண்டை மேசை மேலேயே மறந்துவிட்டுப் போனான். நான் அதை எடுத்துப் பத்திரமாக வைத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து சிஸ்டர் வந்து, “இன்னைக்கு ஸ்டேஷன்ல வாக்குமூலம் எழுதணுமாம். எழுத ஆளில்லங்குறாங்க. நீ வாரியா?” என்று கேட்டார். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முன் சீட்டில் சிஸ்டர், அவன் ஓட்டினான், பின்னால் நான். வழியெல்லாம் அவன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். கணக்கில் மார்க் குறைகிறது, இப்போதே டியூஷன் வைக்க வேண்டும் என்றார். அவன் சரிக்கா சரிக்கா என்றான்.

ஸ்டேஷன் வாசலில் வழக்கம்போல நிறுத்தப் போனான்.

“உள்ள கொண்டு போய் நிப்பாட்டு தம்பி. வேப்பமர நிழல் இருக்கு” என்றார் சிஸ்டர்.

அவன் காரை உள்ளே விட்டான். எஸ்.ஐ. ஏற்கெனவே மரத்தடியில் நின்றிருந்தார். கையில் ஒரு பில். காரை ஒருமுறை சுற்றி வந்து, முன் டயரை பூட்ஸ் நுனியால் தட்டினார். தேய்ந்து வழவழவென்று இருந்த பழைய டயர்.

“புது டயர் நாலும் எங்கப்பா?”

“என்ன டயர் சார்?”

எஸ்.ஐ. பில்லை நீட்டினார். அதில் அந்தக் காரின் எண் இருந்தது. அவன் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். சிஸ்டர் காரிலிருந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சார், அக்காதான் வாங்கிக் குடுத்துச்சு” என்றான் அவன். குரல் மாறிவிட்டது. “ஆபரேஷனுக்கு அலைஞ்சேன்னு அக்காவே கார்டைக் குடுத்து வாங்கிக்கன்னு சொல்லுச்சு. வயசாயிருச்சு, மறந்துருச்சு போல. சொல்லுங்கக்கா.”

சிஸ்டரின் குரல் உயரவில்லை.

“தம்பி, சாவிய அய்யாகிட்ட குடு” என்றார்.

சாவியைக் கொடுத்தான். எஸ்.ஐ. அவன் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப்போகும்போது கேட்டார்: “அக்கா வாங்கிக் குடுத்த டயரை எதுக்குய்யா கழட்டுன? அதுவும் பில்லைக் கேட்டு மனு வந்த ரெண்டாம் நாளே கழட்டியிருக்கன்னு இந்தம்மா சொல்றாங்க. யார் சொன்னா உனக்கு?”

சொன்னது நான்தான். சிஸ்டரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் எழுத அங்கே தனியாக ஓர் ஆள் இருந்தார். என்னை எதற்குக் கூட்டி வந்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

டயர்கள் பழைய டயர் விற்கும் ஒரு கடையில் கிடைத்தன. உள்ளங்கையில் எழுதிய எண்களும் வாரண்டி அட்டையும் ஒத்துப்போயின. அவனை ரிமாண்ட் செய்தார்கள். அவனுடைய அண்ணன் வந்து முழுப் பணத்தையும் வங்கியில் கட்டினான். தெருவே சிஸ்டர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அவனால் உதவி பெற்ற பெரியவர்கள் எல்லாம் வந்தார்கள். புத்தி கெட்டுப் போயிட்டான், காசுதான் வந்துருச்சே, புகாரை வாபஸ் வாங்கிருங்க என்றார்கள். எஸ்.ஐ.கூடச் சமாதானமாகப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

“டயரை எடுத்ததுக்குக் காசு குடுத்துட்டான்” என்றார் சிஸ்டர். “கண்ணைக் கட்டிக்கிட்டு அவன் கையப் புடிச்சு நடந்தேன். படி இருக்குக்கா, பாத்து வாங்கன்னு சொன்னான். அப்ப அவன் சட்டைப் பையில என் கார்டு இருந்துருக்கு. அதுக்கு எவன் காசு குடுப்பான்? பிடிபட்டதும் எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுங்குறான்.”

அவன் மனைவி வந்து அழுதாள். காதில் இருந்த புதுத் தோட்டைக் கழற்றி சிஸ்டர் காலடியில் வைத்தாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அது உண்மைதான் என்று சிஸ்டருக்கும் தெரியும். அவளை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“நீயும் பிள்ளையும் இங்கனயே இருங்க. வாடகை வேணாம். பிள்ளை பள்ளிக்கூடத்தை மாத்தாத. ஆனா அந்தத் தோட்டை ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்துரு. அது எனக்கு வேணாம், கேசுக்கு வேணும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு வெறுப்பை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. ஒரு மாதம்கூட இருக்கவில்லை. சோழவந்தானில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சிஸ்டர் மாடியை வேறு யாருக்கும் விடவில்லை.

என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கடையைத் தாண்டித்தான் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு டைப்பிங் கடைக்குப் போக வேண்டும். கையில் காகிதத்தோடு, என் பக்கம் திரும்பாமல், அதே நடையில் போவார். நானே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தெரியாமல் வாயை விட்டுவிட்டேன் சிஸ்டர் என்று ஒரு வரி. சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு கோபம். ஒரு வாய்த் தவறுக்கு இந்தத் தண்டனையா என்று அம்மாவிடம் புலம்பினேன். “அப்பா விரலைக் காப்பாத்திக் குடுத்தவங்க. அவங்களைப் பத்தி இந்த வீட்டுல பேசாத” என்றாள் அம்மா.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து சம்மன் கொடுத்தார். அரசுத் தரப்பின் மூன்றாவது சாட்சி நான். என் பெயரை, தகப்பனார் பெயரை, கடை விலாசத்தைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தது சிஸ்டர்தான் என்றார்.

கடைசியில் அவனுக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருக்கிறான். ஏஜெண்ட் உரிமம் போய்விட்டது. தீர்ப்பு வந்த அடுத்த மாதமே சிஸ்டர் வீட்டை விற்றுவிட்டு எழுமலைக்குப் போய்விட்டார். வாங்கியவர்கள் மாடியை இடித்துக் கட்டிவிட்டார்கள். இப்போதும் கார்டில் பணம் போய்விட்டது என்று யாராவது அழுதுகொண்டு வந்தால், ‘தாழ்மையுடன்’ போடாமல்தான் புகார் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது நான் சாட்சி சொன்ன நாள்தான்.

கூண்டில் ஏறி நின்றேன். எதிரே அவன். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்து, கடைக்கு வரும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பில் பாதி சிரித்தான். பின் பெஞ்சில் சிஸ்டர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். டயர் அக்கா கொடுத்த பரிசு என்றுதான் அவன் தரப்பு இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது. முதியவர், மறதி, தனிமை என்றெல்லாம் அவன் வக்கீல் முன்பே பேசி முடித்திருந்தார்.

“டயர் பில்லைக் கேட்டு மனு எழுதிய விவரத்தை யாரிடமாவது சொன்னீர்களா?” என்று கேட்டார் அரசு வக்கீல்.

இல்லை என்று சொல்லலாம். நினைவில்லை என்று சொல்லலாம். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொன்னேன்.”

“யாரிடம்?”

கையை நீட்டிக் காட்டினேன். “அவர்கிட்ட. அன்னைக்குச் சாயங்காலமே. வேற யார்கிட்டயும் சொல்லல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய வக்கீல் எழுந்து, நீங்கள் அவருடைய நண்பர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். யாரோ என் கையை எடுத்தார்கள். சிஸ்டர். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எனக்குப் பக்கத்தில். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசையாமல் எண்ணினார்.

“நூத்திப் பத்து ஓடுது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ. உடனே எந்திரிச்சா மயக்கம் வரும்.”

“சிஸ்டர், நான் தெரியாமத்தான் அவன்கிட்டச் சொன்னேன்.”

“தெரியும்” என்றார். கையை என் மடியில் திரும்ப வைத்தார். “நீ தெரிஞ்சு சொல்லியிருந்தா உன்னைச் சாட்சியா போடச் சொல்லியிருக்க மாட்டேன். கேசுல ரெண்டாவது எதிரியா போடச் சொல்லியிருப்பேன்.”